முறை தவறி வந்தது

மார்ச் 9

அக்கா,

நீங்கள் போனை எடுக்கவில்லை. எத்தனை தடவை அடித்தேன் என்று உங்கள் போனே சொல்லும். கடைசியில் மேடத்திடம் கெஞ்சிக் கூத்தாடி உங்கள் புது விலாசத்தை வாங்கினேன். போன் என்றால் பாதியில் வெட்டிவிடலாம். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழிப்பவர்கள்கூட ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நம் காப்பகத்தின் துறைமுகக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனதிலிருந்து, கைக்குழந்தைகள் அறையில் நானும் கண்ணாடி டீச்சரும் மட்டும்தான். உங்கள் செல்லம், அந்தக் குண்டுப் பையன் புலி, மத்தியானம் தூங்க மாட்டேன் என்கிறான். நீங்கள் முதுகில் தட்டும் தாளம் எனக்கு வரவில்லை. நான் தட்டினால் எழுந்து உட்கார்ந்து, 'நீ யாரு, உனக்கு இங்க என்ன வேலை' என்பதுபோல் பார்க்கிறான்.

அன்றைக்கு மேடம் எல்லார் முன்னாலும் நான் உண்டாகியிருப்பதைப் போட்டு உடைத்திருக்கக் கூடாது. நான் தனியாகத்தான் அவரிடம் சொன்னேன். உங்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அவருக்குப் பொறுக்கவில்லை. "இவ முந்திக்கிட்டா. இனிமே உன் முறை இவ லீவு முடிஞ்சு வந்த பிறகுதான்" என்று ஏதோ கேன்டீன் டோக்கனைப் பற்றிப் பேசுவது மாதிரி உங்களிடம் சொன்னார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "வரிசைன்னா என்னன்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "ஒருத்தி வயித்தோட இருக்கும்போது இன்னொருத்தி வயித்தோட வந்து நிக்கக் கூடாது. மாத்தி விட ஆள் கிடையாது. மூத்தவங்க முதல்ல." எங்கும் எழுதி வைக்காத சட்டம். நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள். "நீதான் கடைசி, பொடிசு. அதுக்குள்ள நான் ரெண்டு பெத்துடுவேன்" என்றீர்கள். அன்றிலிருந்துதான் எனக்குப் பொடிசு என்று பெயர்.

நான் திட்டம் போட்டு முந்தவில்லை அக்கா. மாத்திரையை நான் மறக்கவில்லை. மாத்திரைதான் என்னை மறந்துவிட்டது.

இன்னும் நாள் இருக்கிறது. மேடம் நேற்று கதவைச் சாத்திவிட்டு, "யோசிச்சுப் பாரு. உனக்கு வயசு இருக்கு, அவளுக்கு இல்ல" என்றார். எதை யோசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது. நீங்கள் திரும்பி வருவதானால் இந்த முறையை உங்களுக்கே விட்டுத்தந்துவிடுகிறேன். ஒரு வரி எழுதுங்கள், போதும்.

பொடிசு


மார்ச் 17

பொடிசு,

கிழிக்கத்தான் போனேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "யார் லெட்டர் எழுதறா இந்தக் காலத்துல?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காகப் படித்தேன்.

விட்டுத்தருகிறாயா? என்ன அது, பஸ்ஸில் சீட்டா?

உன் வயிற்றில் இருப்பதை வைத்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன் பாடு, உன் புருஷன் பாடு. உன் வீட்டில் இடம் இல்லை, உனக்கு விருப்பம் இல்லை, எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல். என் பெயரைச் சொல்லி எதையும் செய்யாதே. செய்தால் நீ ஒரு வாரத்தில் எழுந்து வேலைக்குப் போவாய். ஆயுசுக்கும் அதைச் சுமப்பது நான். அந்தச் சுமையை என் தலையில் கட்டுவதற்கு உனக்கு யார் உரிமை கொடுத்தது?

எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. நியாயம் இல்லாத கோபம் என்று தெரியும். தெரிந்தால் போய்விடுமா? முதல் தடவை என் முறை வந்தபோது மாமியாருக்குக் கைகால் விழுந்துவிட்டது. அவரை யார் பார்த்துக்கொள்வது? எனக்கு அடுத்து இருந்தவளுக்கு விட்டுக்கொடுத்தேன். அவளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து, விடுப்பு நீண்டு, வேலையையே விட்டாள். மாமியார் போன பிறகாவது நான் இங்கே, இவர் வேலை பார்க்கும் ஊருக்கு, வந்திருக்க வேண்டும். வந்தால் முறை போய்விடும் என்று அங்கேயே கிடந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொண்டு, எதற்காக? முறைக்காக. கிட்ட வந்தபோது நீ உள்ளே புகுந்தாய்.

சரி, இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. திரும்பி வர மாட்டேன். இனி எழுதாதே என்று சொல்ல வந்தேன். புலிக்கு முதுகில் தட்டக் கூடாது. உள்ளங்காலில் தட்டு. தூங்கிவிடுவான்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உள்ளங்காலில் தட்டினேன். தூங்கிவிட்டான். துரோகி.

எழுதாதே என்று சொல்ல வந்ததாக எழுதியிருந்தீர்கள். சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

க்ளினிக் வரை போனேன். பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இவர் வேலை உடுப்போடு, கையெல்லாம் கிரீஸோடு, ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரில் குண்டுக் குழந்தைகள் படமாக ஒட்டி வைத்திருக்கிறார்கள், வேறு படமே கிடைக்கவில்லை போல. இவர் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு வேணாம்னா வேணாம். உனக்கு வேணும்னா வேணும். அந்த மேடத்துக்காகன்னா, வா போலாம்" என்றார். உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது. என் பெயர் கூப்பிடும்போது நாங்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

வேண்டும் என்று முடிவு செய்து எழுந்தேனா, தெரியாது அக்கா. எழுந்தேன், அவ்வளவுதான்.

மேடத்திடம் சொன்னேன். "சந்தோஷம்" என்றார், ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்க வந்தவர் மாதிரி. அதற்குப் பிறகு எல்லாரும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். உங்களுக்குத் தெரியும், நம் ஊழியர் அறையில் மரியாதை வந்தால் ஆபத்து.

வீட்டுச் சொந்தக்காரரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் இரண்டு பேர் என்று இருக்கிறதாம். "கைக்குழந்தைகூட ஒரு ஆளா சார்?" என்று இவர் கேட்டார். "அழற சத்தத்தைப் பார்த்தா மூணு ஆள்" என்றார் அவர். வேறு வீடு பார்க்கிறோம். சுவரில் மடக்கி வைக்கிற கட்டிலை இறக்கினால் சமையல் மேடை வரை வந்துவிடுகிறது எங்கள் வீட்டில். தொட்டிலை எங்கே போடுவது என்று இவர் டேப் வைத்து அளக்கிறார். தினமும் அளக்கிறார். அறை வளரவில்லை.

அங்கே எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் கோபத்தைப் பற்றி மட்டும் எழுதினால்கூடப் போதும்.

பொடிசு


மே 11

பொடிசு,

தரையில் கிடக்கும் பிள்ளையைக் குனிந்து தூக்காதே. முட்டியை மடக்கி உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு சேர்த்து, பிறகு எழு. புலியைத் தூக்கவே தூக்காதே. அவன் அம்மா கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.

இந்தக் கிளையில் முறை என்கிற பேச்சே இல்லை. வேலை செய்கிற எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நான்தான் இங்கே சின்னப் பெண். என்னை 'பாப்பா' என்று கூப்பிடுகிறார்கள், கேட்டுச் சிரி. கைக்குழந்தைகள் அறையில் பாதித் தொட்டில்கள் காலி. இந்த ஊரில் பிள்ளை பெறுகிற வயதுக்காரர்கள் எல்லாரும் வேலை தேடி உங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள். போன மாதம் பெரிய கூடத்தை நடுவில் தடுத்து, ஒரு பக்கத்தை முதியவர்களின் பகல் நேரக் காப்பகமாக மாற்றினார்கள். குட்டி நாற்காலிகள் ஒரு லாரியில் போயின. கைப்பிடி வைத்த பெரிய நாற்காலிகள் அதே லாரியில் வந்தன.

அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவர், பழைய கப்பல் எஞ்சினியர், தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார். "காலையில பத்து. சாயங்காலம் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுவேன்" என்றேன். "கெட்டிக்காரி" என்றார்.

வீட்டில்தான் பழக நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை புருஷன் தினமும் வீட்டில் இருந்தால் என்ன செய்வது? முதல் வாரம் அவருக்கு விருந்தாளி மாதிரி டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குறட்டை விடுவார் என்பதையே மறந்திருந்தேன். இரண்டு பேரும் குளியலறைக் கதவருகில் நின்றுகொண்டு, "நீ போ", "இல்ல, நீங்க போங்க" என்கிறோம்.

டாக்டரைப் பார்த்தோம். பிள்ளைக்காக ஊசி ஆரம்பித்திருக்கிறேன். தாமதம்தான், ஆனால் முயற்சி செய்யலாம் என்றார் டாக்டர். யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வரிசையில் தனியாக நிற்கிறேன். விசித்திரமாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 20

அக்கா,

நீங்கள் எழுதி இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஊசி வலிக்கிறதா? ஒன்றும் எழுத வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். நான் எழுதுகிறேன்.

ஒரு நாளில் நான் அதிகமாகச் சொல்லும் வார்த்தை எது தெரியுமா? 'மன்னிச்சுக்கோங்க.' உட்கார்ந்தால் மன்னிச்சுக்கோங்க. தண்ணீர் குடிக்கப் போனால் மன்னிச்சுக்கோங்க. டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் எல்லாரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்கிறேன். யாரும் என்னைத் திட்டுவதில்லை. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். நான் தூக்க முடியாத பிள்ளைகளை எல்லாம் கண்ணாடி டீச்சர்தான் தூக்குகிறார். போன வாரம் துணி மாற்றும் மேஜையருகே குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே வளைந்து நின்றபடி, "அசையாதீங்க, யாரும் என்னைத் தொடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். இடுப்பு பிடித்துவிட்டது. கட்டிலில் கிடக்கிறார். போய்ப் பார்த்தேன். வாசலிலேயே, "நீ ஏன் இந்த வயித்தோட படியேறி வந்த?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். வெளியே வந்து அழுதேன்.

மேடம் ஆள் தேடுகிறார். இந்தச் சம்பளத்துக்கு, பத்து மணி நேரம் நின்றுகொண்டு பிறத்தியார் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட யார் வருவார்கள்? ஒருத்தி வந்தாள். மத்தியானம் சாப்பிடப் போனவள் திரும்பவில்லை.

இதில் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. என் பிள்ளையை எங்கே விடுவது? நம் காப்பகத்தில் கேட்டேன். "ஊழியர் பிள்ளையைச் சேர்க்கறதில்ல, தெரியும்ல. அது அழுதா உன் கை அங்கதான் போகும்" என்றார் மேடம். ஆள் குறைந்ததால் கைக்குழந்தைகள் அறையில் சேர்க்கையையும் நிறுத்திவிட்டார். மற்ற காப்பகங்களில் பெயர் கொடுத்திருக்கிறேன். ஒரு இடத்தில் அந்தப் பெண், "இன்னும் பிறக்கலையா? ரொம்பத் தாமதமா வந்திருக்கீங்களே!" என்றாள்.

மாமியார் கடையில் நிற்கிறார், இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. என் அம்மாவுக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதவில்லை. ஒரு சம்பளத்தில் வாடகை கொடுத்தால் மிச்சம் வெறுங்கை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வயிறு வேறு முதலில் போய் இடிக்கிறது.

உங்களிடம்தான் சொல்ல முடிகிறது. உங்களிடம் சொல்லக் கூடாது என்பதும் தெரிகிறது.

பொடிசு


ஆகஸ்ட் 30

பொடிசு,

நிற்கவில்லை. இரண்டாவது தடவையும் நிற்கவில்லை. டாக்டர் அடுத்த மாதம் இன்னொன்று பார்க்கலாம் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் மறுநாள் ஊசி வைத்திருந்த பெட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

அழுதேனா என்று கேட்பாய். அழுகை வரும் என்று காத்திருந்தேன். தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரிதான் இருந்தது. அது என்னைப் பயமுறுத்தியது.

இத்தனை வருஷமாக யார் கேட்டாலும், 'இன்னும் என் முறை வரல' என்பேன். மாமியார் கேட்டார், சொந்தக்காரர்கள் கேட்டார்கள், முடி வெட்டுகிறவள் கேட்டாள். பதில் கையில் தயாராக இருந்தது. யாரும் மேலே கேட்க முடியாது. எனக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். முப்பது வயதில் எனக்குப் பிள்ளை வேண்டும், அது நிச்சயமாகத் தெரியும். அப்புறம் எனக்கு என் முறை வேண்டும். அது மட்டும்தான் தெரியும். இரண்டும் எங்கே இடம் மாறின என்று தெரியவில்லை. நாள் முழுக்க வேலை, மாமியாருக்குத் துடைத்துவிடுவது, ரயிலைப் பிடிப்பது, இதற்கு நடுவில் உட்கார்ந்து யோசிக்க யாருக்கு நேரம்?

நீ என் முறையைத்தான் எடுத்தாய். என் பிள்ளையை எடுக்கவில்லை. எனக்கே இப்போதுதான் புரிகிறது. புரிந்தும் கொஞ்ச நாள் உனக்கு எழுத முடியாது என்று நினைக்கிறேன். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. கோபம் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதே.

பிரசவத்துக்கு முந்தின வாரம் வரை வேலைக்குப் போகிறேன் என்று வீரம் பேசாதே. போய்ப் படு.

அக்கா


நவம்பர் 3

அக்கா,

பெண் குழந்தை. அக்டோபர் முதல் வாரத்தில் பிறந்தாள். நானும் அவளும் நன்றாக இருக்கிறோம்.

படம் வைத்து அனுப்பவில்லை. நீங்கள் கேட்டால் அனுப்புகிறேன். கேட்காவிட்டாலும் பரவாயில்லை. எப்படி இருக்கிறாள் என்று எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அதனால் எழுதவில்லை.

காப்பகத்திலிருந்து எல்லாரும் சேர்ந்து ஒரு போர்வை அனுப்பியிருந்தார்கள். கண்ணாடி டீச்சர் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாராம்.

இவள் உள்ளங்காலில் தட்டினாலும் தூங்குவதில்லை.

பொடிசு


ஏப்ரல் 14

அக்கா,

நீங்கள் எழுதவில்லை. குளிர்காலம் முழுக்க எதிர்பார்த்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் நேற்று நடந்ததை உங்களைத் தவிர யாரிடம் சொன்னாலும் புரியாது.

விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. எந்தக் காப்பகத்திலும் இடம் கிடைக்கவில்லை. மேடத்திடம் இன்னும் கொஞ்சம் நாள் கேட்கலாம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊழியர் அறையில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைக் கொஞ்சினார்கள். பிறகு மேடம், "சரி, இவ திரும்பி வரப்போறா. அடுத்த முறை யாருக்கு? இப்பவே சொல்லிட்டா நான் ஆள் பார்க்க வசதி" என்றார்.

ஆளாளுக்கு டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள்.

"கண்ணாடி, உனக்குத்தானே?" என்றார். கண்ணாடி டீச்சர் பெல்ட்டைத் தொட்டுக் காட்டி, "இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா? அடுத்தவங்களைக் கேளுங்க மேடம்" என்றார். அடுத்து, பெரிய பிள்ளைகள் அறைச் சுருட்டை. அவள், "எங்க வீட்ல கட்டில் போட்டா கதவு திறக்காது. தொட்டிலை எங்க போடறது, மொட்டை மாடியிலயா?" என்றாள். பாட்டு டீச்சர் முதலில் சிரித்து மழுப்பினாள். மேடம் விடவில்லை. அப்போது என்னைக் காட்டி, "இவ பட்ட பாட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தேன் மேடம். எனக்கு வேணாம். வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். புதிதாகச் சேர்ந்த பெண் பயந்துபோய், "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அதுக்கும் முறை இருக்கா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா இதுக்குத்தானேடி அடிச்சுக்கிட்டீங்க?" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அவர் காலத்தில் கல்யாணம் ஆனாலே வேலையை விட வேண்டுமாம். வேலையை விடக் கூடாது என்று அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று கண்ணாடி டீச்சர் பிறகு சொன்னார். நமக்கு முறை என்று ஒன்று இருந்ததே அவர் கண்ணில் பெரிய சலுகை.

"நீ வேணா ரெண்டாவதுக்குப் போறியா?" என்று கடைசியில் என்னிடம் கேட்டார். விளையாட்டுக்கு இல்லை. நான் பிள்ளையைப் பார்த்தேன். இல்லை என்று தலை மட்டும் ஆடியது.

நீங்கள் எந்த முறைக்காக அந்த ஊருக்குப் போகாமல் இங்கே கிடந்தீர்களோ, எதற்காக நாம் இரண்டு பேரும் பேசாமல் போனோமோ, அது இப்போது சும்மா கிடக்கிறது அக்கா. எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

எனக்கு விடுப்பும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வேலைக்கு வராவிட்டால் வேலை போய்விடும். பிள்ளையை என்ன செய்வது என்று தெரியவில்லை. உங்களிடம் வழி கேட்டு எழுதவில்லை. சொல்ல வேண்டும் போல் இருந்தது.

பொடிசு


ஏப்ரல் 22

பொடிசு,

உன் கடிதத்துக்கு முந்தின நாளே மேடம் போன் பண்ணினார். "உன் முறையை உனக்கே தர்றேன், திரும்பி வந்துடு" என்றார். "ரயில் போன பிறகு டிக்கெட் குடுக்கறீங்க மேடம்" என்றேன். அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பிறகு புலி இப்போது ஓடுகிறான் என்று சொன்னார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வெகுநேரம் ஒரு வேலையும் ஓடவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். இங்கே ஒரு டீச்சர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். கைக்குழந்தைகள் அறையில் தொட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன என்று முன்பே எழுதினேன். இங்கே ஊழியர் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்கிற சட்டம் கிடையாது. சட்டம் போட்டால் பிள்ளைகளே இருக்காது. தலைமை டீச்சரிடம் கேட்டுவிட்டேன். "உடனே வரச் சொல்லு" என்றார், பிள்ளையைத்தான் முதலில் கேட்டார். மாற்றலை மேடம் தடுத்தால் நான் பேசுகிறேன். எனக்கு அவர் கடன்பட்டிருக்கிறார்.

தங்க எங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. எதற்காக வைத்திருந்தோம் என்று உனக்குத் தெரியும். இப்போது அதில் துணி காய்கிறது.

உன் புருஷன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு என்னிடம் வழி இல்லை. யோசித்து எழுது.

அக்கா


மே 1

அக்கா,

இவர் கம்பெனியில் கேட்டுப் பார்த்தார். அந்த ஊருக்கு மாற்றல் கிடையாது என்றார்கள். "அந்த ஊர்ல லிஃப்ட் வெச்ச கட்டடம் மொத்தமே நாலு இருக்கும். அதுல ரெண்டு ஓடாது" என்று இவரே சொல்கிறார். வேறு வேலை தேடலாம்தான். கிடைக்கும்வரை இங்கே இருக்க வேண்டும். இங்கே இருக்கும்வரை தேட நேரம் இல்லை.

மூன்று நாள் இதையே பேசினோம். பேசினோம் என்றால், ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம். நான் வேலையை விட்டால் இந்த வீடு போய்விடும். இவர் வேலையை விட்டால் எல்லாமே போய்விடும். கடைசியில் நான்தான், "நானும் பாப்பாவும் போறோம். நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் வாய் வார்த்தை என்று உறைத்தது. நீங்கள் இத்தனை வருஷம் இருந்த அதே இடத்தில் இப்போது நான் போய் உட்காரப் போகிறேன்.

இவர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "மாசத்துக்கு ரெண்டு நாள் பார்த்தா, இவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். உங்களுக்குத் தெரிந்திருக்கும் அக்கா, பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் இந்த வயதுப் பிள்ளை யாரைப் பார்த்து அழும் என்று. நானும் அறிவேன். நம் வேலையே அதுதானே. "தெரியும்" என்று பொய் சொன்னேன்.

இரண்டாவது பிள்ளை எப்போது என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றைத் தனியாக விட்டுவிடாதே, துணை வேண்டாமா என்கிறார்கள். இதைப் படித்தால் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

மாற்றலுக்கு மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். பத்தாம் தேதி காலை ரயிலில் வருகிறோம். இவரும் கூட வந்து விட்டுவிட்டு அன்று சாயங்காலமே திரும்புகிறார். கட்டில், தொட்டில் எதுவும் கொண்டு வரவில்லை.

நீங்கள் மனசு மாறி வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். ரயிலில் ஏறிய பிறகு சொல்லாதீர்கள்.

பொடிசு


மே 6

பொடிசு,

வா.

ஸ்டேஷனுக்கு வீட்டுக்காரர் வருவார். நான் அந்த நேரத்தில் வேலையில் இருப்பேன். ஆமாம், வேண்டுமென்றேதான். அறையைக் காலி செய்துவிட்டேன். துணிக்கொடியை வெளியே கட்டியாகிவிட்டது. ஜன்னல் கொஞ்சம் இறுகும், அவரைத் தள்ளித் திறக்கச் சொல். உன் புருஷன் சாயங்காலம் கிளம்பும்போது பிள்ளைக்குத் தெரியாமல் நழுவச் சொல்லாதே. சொல்லிவிட்டுப் போகட்டும். அழுதாலும் பரவாயில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. சில நாள் காலையில் எழும்போது ஒன்றும் இருப்பதில்லை. சில நாள் யாரோ ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். நாள் முழுக்கப் பத்துப் பிள்ளைகளைத் தூக்குகிறவள்தான், ஆனால் அது வேறு. நீ என் வீட்டிலேயே இருக்கப் போகிறாய். கதவைச் சாத்தினால் நீயும் உள்ளேதான் இருப்பாய்.

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வந்து இறங்கியதும் பிள்ளையை என் கையில் கொடுக்காதே. 'பெரியம்மா பாரு, பெரியம்மாகிட்ட போ' என்று சொல்லித் தராதே. எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நானாகக் கேட்கிறேன். கேட்கும்போது கொடு.

அக்கா